உள்பக்கம் பூசிய சந்தனம்

செப்டம்பர் 27, சனி

விடிந்ததுமே வெயில். காற்று இல்லை. பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எந்த விடுமுறையும் இல்லை. தங்கை வளர்மதியின் (இனி வ.) அறை ஜன்னலில் மாவு சலித்துக் கொட்டியது போலத் தூசி. வெளியே மட்டுமல்ல, வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டிய உள்பக்கத்திலும்.

முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டேன். பிறகு சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோபைபர் துணி. மேலிருந்து கீழாக, அழுத்தாமல். ஓரங்களில் நகம் படாமல். கடைசியில் ஈரம் ஒற்ற இன்னொரு துணி. உலர்ந்த தூசியை அப்படியே தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். இந்த ஊர்த் தூசி கல்தூசி.

முற்றத்தில் இருந்து கீழ்வீட்டு அண்ணி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏந்தம்பி, பழைய பேப்பர நனைச்சு ஒரு தொடை தொடச்சா பளிச்சுன்னு ஆயிடாது? புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரியில்ல குளிப்பாட்டுறீங்க."

"பேப்பர் கீறும் அண்ணி."

"எங்க வூட்டுக் கண்ணாடியெல்லாம் கீறலயே."

அவர்கள் கண்ணாடியில் பிலிம் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

காருக்கும் நேற்று பெரம்பலூரில் ஒட்டியாயிற்று. நான்கு கதவுகள், பின் கண்ணாடி. கறுப்பு அல்ல, சட்டம் அனுமதிக்கும் இளநிறம். உள்ளே இருப்பவர் முகம் வெளியே நன்றாகத் தெரியும். தடுப்பது புற ஊதாக் கதிரை. கடைக்காரர் கொடுத்த சான்று வண்டியில் இருக்கிறது. ஒரு வாரம் கண்ணாடியை இறக்கக் கூடாது, ஒரு மாதம் உள்பக்கம் துடைக்கவே கூடாது என்றார். இப்போது அங்கங்கே சின்னக் குமிழ்கள். பசை காய்ந்தால் போய்விடும்.

பிறர் போகும் வெயில் வ.வுக்கு ஆகாது. லூபஸ். வெயில் பட்டால் அன்றிரவே கன்னம் சிவக்கும், மறுநாள் மூட்டுகள் வீங்கும், காய்ச்சல். திருச்சி டாக்டர் வேலையை விடச் சொல்லவில்லை. வெயிலை விடச் சொன்னார். இந்த வித்தியாசம் டாக்டர், நான், வ. ஆகிய மூவருக்கு மட்டுமே புரிகிறது. பெரம்பலூரில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறாள். பஸ் ஜன்னலோரம் இனி முடியாது. அதனால் கார். ஓட்டுநர் நான்.

விடுப்பு முடிந்து அக்டோபர் 6 திங்கள் அவள் சேர வேண்டும். சேர்வாள்.

செப்டம்பர் 29, திங்கள்

மூட்டம். மழை வருவதாகப் பாவனை. வரவில்லை.

இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன். ஒன்று இன்வெர்ட்டருக்கு, ஒன்று கண்ணாடிக்கு. போர் தண்ணீர் காய்ந்தால் பிலிமில் வெள்ளை வெள்ளையாய்க் கறை.

டீக்கடையில் ஒருவன், முகம் மட்டும் தெரிந்தவன்: "என்ன சார், காருக்கு ஸ்டிக்கர்லாம் ஒட்டிருக்கீங்களாம். உள்ள யாரு, மந்திரியா?"

"உன் மாமியா."

கடை சிரித்தது. அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மதியம் தலைமையாசிரியர் போன். வ.விடம் பேசாமல் என்னிடம். தேன் ஒழுகும் குரல்.

"சார், டீச்சருக்கு உடம்புதாங்க முக்கியம். பிளஸ் டூ வேற, ரிசல்ட் பாக்கணும். அடுத்த திங்கக்கெழம வர முடியலன்னா சொல்லிடுங்க. அந்த ரெண்டு செக்‌ஷனையும் புதுசா வந்த சாருக்கே நெரந்தரமா குடுத்துடறேன். டீச்சர் ஆறாங்கிளாஸ் பாத்துக்கட்டும். இல்லாட்டி வி.ஆர்.எஸ். பத்திக்கூட யோசிக்கலாம்."

"திங்கட்கிழமை வருவாள்."

"வெயில்ல எப்படிங்க?"

"அது எங்கள் பாடு."

இந்தக் குரலை எனக்குத் தெரியும். கல்லூரியில் வேதியியல் துறைத்தலைவர் நாற்காலி என்னுடையதாக இருந்தபோது தாளாளர் இதே குரலில்தான் கேட்டார், உங்களுக்கு எதற்கு சார் இந்தச் சுமை என்று. சுமை மறுவாரம் அவருடைய மருமகனிடம் போயிற்று. நான் எழுந்து வந்துவிட்டேன். இன்று வரை வருத்தம் இல்லை. கோபம் இருக்கிறது; அதை நன்றாகப் பராமரிக்கிறேன்.

வ.விடம் சொன்னபோது சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. நிமிரவில்லை.

"சின்னண்ணே, அந்தாளு போன் பண்ணா என்கிட்ட குடு. என் வேலைக்கு நீ பதில் சொல்லாத."

நியாயம்தான்.

கார் கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். கொட்டகை இரு வீட்டுக்கும் பொது என்பதால்:

பிலிம் ஒட்டிய கண்ணாடி.
1. உள்பக்கம் யாரும் தொடக் கூடாது.
2. கடையில் விற்கும் நீலத் திரவம் கூடாது. அம்மோனியா பிலிமைக் கெடுக்கும்.
3. செய்தித்தாள், நார், பிளேடு கூடாது.
4. வெளிப்பக்கம் நிழலில் மட்டும், முதலில் தண்ணீர், பிறகு துணி.

மாலையில் பார்த்தால் தாளின் கீழ், கீழ்வீட்டுக்காரர் கையெழுத்தில்: 5. மூச்சு விடலாமா?

கீழ்வீட்டுக்காரர் என்பது என் அண்ணன். அண்ணன் என்று எழுத மனம் இல்லை. நான் வேலையை விட்ட சமயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், அத்தனை இலைக்காரர் காதிலும் விழ, "ரோஷத்தத் தின்னு வாழட்டும்" என்றவர். அன்றிலிருந்து பேச்சு இல்லை. சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கையில் எடுத்துக் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

வெயில். பொரி வாசனை. தெரு முழுக்கக் கழுவிய வண்டிகள்.

வழக்கம்போல் பூஜை கீழ்வீட்டில். பேச்சு இல்லாவிட்டாலும் பூஜை உண்டு. சாமி முன்னால் அவருடைய ஸ்பேனர்கள், அண்ணியின் தையல் மெஷின் கத்தரி, வ.வின் கணக்குப் புத்தகங்கள், என் கார் சாவி. மறுநாள் காலை வரை எதையும் எடுக்கக் கூடாது.

பேச வேண்டியதை அண்ணி வழியாகப் பேசுகிறோம். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு.

"அவன்ட்ட சொல்லு, வண்டியக் கொஞ்சம் முன்ன தள்ளணும்."

"தள்ளியாச்சு என்று சொல்லுங்கள் அண்ணி."

"தள்ளியாச்சாம்."

"கேட்டுச்சு."

கார் கண்ணாடிகளில் அண்ணி சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தார். தடுக்கக் கை நீட்டினேன். ஆனால் வெளிப்பக்கம்தானே, பிலிம் உள்ளே. விட்டுவிட்டேன். எலுமிச்சை நசுக்கி, சூடம் காட்டி முடிந்தது.

"நம்ம வளர் உக்கார்ற வண்டி. கண்ணுபடக் கூடாது," என்றார் அண்ணி.

கீழ்வீட்டுக்காரர் சுண்டலை மென்றுகொண்டே, சுவரிடம்: "ஒடம்பு முடியாதவள தெனம் அம்புட்டு தூரம் இழுத்துட்டுப் போறது எதுக்கு? வூட்ல இருந்தா கெட்டா போயிரும்?"

வ. கேட்டாள். "பெரியண்ணே, வூட்ல இருந்து என்ன பண்றது?"

"என்னமோ டிவி பாரு."

"டிவில கணக்கு நடத்த விடுவாங்களா?"

அவர் அள்ளியது இன்னொரு கை சுண்டல்.

அக்டோபர் 2, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் வரிசையாக.

காலை சாவி வாங்கிக்கொண்டு போய் வண்டியைத் திறந்தேன். பின்னால் இடப்பக்கக் கதவு, வ. வழக்கமாக உட்காரும் இடம். அதன் உள்பக்கம், பிலிமின் மேலேயே, விபூதிப் பட்டை மூன்று, நடுவில் உள்ளங்கை அளவு சந்தனம், அதில் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது. சாவி சாமி முன்னால்தானே இருந்தது. அண்ணி எடுத்துத் திறந்திருக்கிறார்.

"அண்ணி, உள்ளே ஏன்?"

"வெளியில வெச்சா மழ வந்தா கரைஞ்சிரும் தம்பி. அவளுக்குன்னு வேண்டிக்கிட்டு வெச்சது. உள்ள இருந்தாதான காப்பு?"

இதற்கு வேதியியலில் பதில் இல்லை. கத்தவும் முடியவில்லை. ஒட்டி ஒரு வாரம் ஆகாத பிலிம். ஈரத்துணியை அதன்மேல் வைத்து, ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். ஓரத்தில் ஈரம் போகாமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் துணியும் எடுக்க மேலே போனேன். வ. கீழே என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவ்வளவு நேரம்தான்.

இறங்கி வந்தால் கீழ்வீட்டுக்காரர் காருக்குள். ஒரு கையில் சவர பிளேடு, மறு கையில் நீலத் திரவ பாட்டில். மூக்கில் ஏறும் அம்மோனியா வாடை. என் இரண்டாம் விதி, மூன்றாம் விதி இரண்டும் ஒரே ஆளின் இரு கைகளில்.

சந்தனம் போயிருந்தது. பிலிமும். பாதி சுருண்டு தொங்கியது, மீதி பாம்புச் சட்டை போலக் கோடு கோடாய்.

"பளிச்சுன்னு எடுத்துட்டேன். அவன்ட்ட சொல்லு," என்றார் அண்ணியிடம். "இதுக்குப் போயி மேலயும் கீழயும் ஓடிக்கிட்டு."

"நீ என்ன செய்திருக்கிறாய் தெரியுமா? சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேனே, கண் அவிந்துபோயிற்றா? அவள் திங்கட்கிழமை போகக் கூடாது, அதுதானே உனக்கு வேண்டும்?"

பிளேடு அப்படியே நின்றது.

அண்ணி மெல்ல: "பேசிட்டீங்க தம்பி. எத்தன வருஷம் கழிச்சு."

பேசவில்லை. திட்டினேன். திட்டு பேச்சில் சேராது.

அவர் பிளேடைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டு.

அக்டோபர் 3, வெள்ளி

மேகம் இல்லாத வானம். அதுவும் ஒரு விரோதி.

பிலிம் கடைக்கு போன். கடைக்காரர் பூலாம்பாடியில், மாமனார் வீட்டில். "பசங்கல்லாம் லீவுல ஊருக்குப் போயிட்டாங்க சார். புதன்கிழமதான் கட. அந்த ஷேடு ரோலும் தீந்துருச்சு, திருச்சிலேருந்து வரணும்." திருச்சியில் இரண்டு கடைகள். ஒன்று எடுக்கவில்லை. இன்னொன்றில் இருப்பது கறுப்பு மட்டும். கறுப்பு ஒட்டிக்கொண்டு போனால் போலீஸ் நிறுத்தும்; சரியாகவே நிறுத்தும்.

மிச்சப் பிலிமைச் சோப்பு நீரில் ஊறவைத்து உரித்தேன். பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மதியம் முழுதும் அதோடு. இப்போது வெறும் கண்ணாடி. மற்றக் கண்ணாடிகளுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி.

வேண்டுமென்றேதான் செய்தார். சந்தேகமே இல்லை. ஃபிட்டருக்கு ஒரு பொருளை எப்படிக் கழற்றுவது என்று தெரியாதா.

மாலை அண்ணி தூதாக வந்தார். பணியாரத்தோடு.

"அவரு சோறு சரியாத் திங்கல தம்பி. எம்மேல நீங்க சத்தம் போட்டுருவீங்கன்னுதான் அவசரமா எடுத்தாராம். நான் பண்ண தப்ப மறைக்க. பழைய வண்டில ஸ்டிக்கரு எடுக்கறாப்ல நெனச்சுட்டாரு."

"படிக்கத் தெரியும்தானே. சுவரில் இருக்கிறது."

"கண்ணாடி போடாம அவருக்கு எழுத்து தெரியாதுங்க."

ஐந்தாம் விதியை எழுதும்போது மட்டும் தெரிந்ததா. கேட்டேன். அண்ணி சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். பணியாரம் சாப்பிட்டேன். பணியாரத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை.

அக்டோபர் 4, சனி

மீண்டும் ஜன்னல். மீண்டும் தூசி. தெளி, ஊறவிடு, துடை, ஒற்று.

தலைமையாசிரியர் இரண்டாம் முறை. வ.விடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், அப்ப திங்கக்கெழம..."

"வரேன் சார். முதல் பீரியட் எனக்குத்தானே?"

"அது... புது சார் இன்டக்ரேஷன் ஆரம்பிச்சுட்டார்."

"பரவால்ல சார். நான் முடிச்சுடறேன்."

போனை வைத்ததும் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணே, ரெண்டு நாளா கண்ணாடிக்கு எழவு விழுந்த மாதிரி திரியற?"

"நீ உட்காரும் பக்கம் பிலிம் இல்லை. வலப்பக்கம் மாறி உட்கார்ந்தாலும் அந்த வழியே வெயில் உள்ளே வரும். நாற்பது நிமிடம் வெயில். ஒரு வாரம் தள்ளிச் சேர்ந்தால்..."

"நீயுமா?"

தலைமையாசிரியரின் தேன் என் நாக்கிலும் இருந்திருக்கிறது.

அவள் ஒரு தாளை எடுத்தாள். கோணலாக ஒரு கோடு. "இது ரோடு. அரியலூர் இங்க, பெரம்பலூர் இங்க. வடமேற்கா போவுது. காலைல சூரியன் எங்க? கிழக்க. அப்ப வண்டிக்கு?"

"பின்னால்."

"பின்னால, டிரைவர் பக்கமா சாஞ்சு. சாயங்காலம் திரும்பறோம். சூரியன் மேற்க. வண்டிக்கு?"

கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் பின்னால். மறுபடியும் டிரைவர் பக்கம்.

"பின் கண்ணாடில பிலிம் இருக்கா? டிரைவர் பக்கம் இருக்கா? அப்ப எந்தக் கண்ணாடிக்கு இந்தக் கூத்து? வெயிலே வராத கண்ணாடிக்கு."

"வளைவுகள் இருக்கின்றன. சிதறல் ஒளி இருக்கிறது."

"அதுக்குக் கிரீம் இருக்கு, முழுக்கை இருக்கு, குடை இருக்கு. பிலிம் இருந்தாலும் போவேன், இல்லாட்டியும் போவேன். நீ ஓட்டுறியா, டாக்ஸி சொல்லட்டுமா?"

முதுகலை வேதியியல், ஒரு தாளில் தோற்றது. தலைமையாசிரியரிடம் தோற்கவில்லை, அது போதும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பள்ளி நேரத்துக்கே வெள்ளோட்டம். வ. வேண்டாம், வீணாக ஏன் வெளியே. யார் இடப்பக்கம் உட்கார்ந்து வெயில் பார்ப்பது? அண்ணி ஏறிக்கொண்டார். பட்டுப்புடவையில்.

வழி நெடுக வர்ணனை. "இப்ப இல்ல தம்பி. இல்ல. இல்ல. இந்தா, முழங்கையில விழுந்துச்சு. போயிருச்சு. இல்ல." பேரளி பக்கம் ஒரு வளைவில் கொஞ்ச தூரம் இடப்பக்கம் நன்றாகவே விழுந்தது. பெரம்பலூர் ஊருக்குள் திரும்பும்போது கொஞ்சம். மற்றபடி நிழல். கணக்கு டீச்சர் சொன்னது சொன்னபடி.

"அந்த வளைவுக்கு நான் குடை புடிக்கிறேன்," என்றார் அண்ணி. "நாளைக்கு நானும் வரேன். வெயில் பக்கம் நான் உக்காந்துக்கறேன், துளி வெயில் தெரியாம மறைச்சுருவேன்." தன் உடம்பைத் தானே தட்டிக்கொண்டார்.

"தினமுமா?"

"புதன்கிழம கட தொறக்கிற வரைக்கும்."

மாலையும் ஒரு முறை போய் வந்தோம். அதே.

கீழ்வீட்டுக்காரர் கொட்டகையில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் இறங்கியதும், அண்ணியிடம்: "விழுந்துச்சா?"

"இல்லங்க. ஒரு வளைவுலதான்."

தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார்.

அக்டோபர் 6, திங்கள்

வெயில். நினைத்தபடியே.

வ. காலையிலேயே தயார். முகத்தில் கிரீம் வெள்ளையாக, முழுக்கை ரவிக்கை, கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துப்பட்டா. "பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுவராட்டம் இருக்கேன்," என்றாள். கைப்பையில் அவளுடைய சாக்பீஸ் பெட்டி. பள்ளிக்கூட சாக்பீஸ் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

இடப்பக்கம் வ. வலப்பக்கம் அண்ணி, குடையோடு. ஏறும் முன் அண்ணி அந்த வெறும் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, வெளிப்பக்கம்.

வண்டியை எடுத்தபோது கொட்டகை ஓரம் நின்றவர், அண்ணியிடம் அல்ல, சுவரிடம் அல்ல:

"மெதுவா ஓட்டு."

ஹார்ன் அடித்தேன். ஹார்னும் பேச்சில் சேராது.

பேரளி வளைவில் அண்ணி காருக்குள் குடையை விரித்தார். கம்பி என் காதில். எதிரே வந்த பஸ்ஸில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பள்ளி வாசலில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். வராந்தா நிழல் வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வாட்ச்மேன் கையை ஆட்டினார், நான் பார்க்கவில்லை. வ. இறங்கி, "குட் மார்னிங் சார்," என்றாள். பதிலுக்கு நிற்காமல் நேராக வகுப்புக்கு. கையெழுத்து கூட அப்புறம்தான் போட்டாளாம்.

மதியம் அவளிடமிருந்து செய்தி: புது சார் பண்ணின மூணு கணக்கும் தப்பு. சந்தோஷமா இருக்கேன்.

திரும்பி வந்தோம். கன்னத்தில் சிவப்பு இல்லை. விரல் வீக்கம் நாளைக் காலைதான் தெரியும். சாப்பிட்டுவிட்டு உடனே தூங்கிவிட்டாள்.

இப்போது மாடியிலிருந்து பார்க்கிறேன். கொட்டகையில் விளக்கு. கீழ்வீட்டுக்காரர், மூக்கில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுவர்த் தாளை விரல் வைத்துப் படிக்கிறார். பக்கத்தில் வாளி. முதலில் தண்ணீர் தெளிக்கிறார். ஊறவிடுகிறார். என் மைக்ரோபைபர் துணியை எடுத்து நான்காக மடித்து, மேலிருந்து கீழாக, அழுத்தாமல் துடைக்கிறார். அந்த இடப்பக்கக் கண்ணாடியை. பொட்டைச் சுற்றிக்கொண்டு, பொட்டில் படாமல்.

பிலிமே இல்லாத கண்ணாடி அது. செய்தித்தாளே போதும்.

சொல்லலாம். சொன்னால் பேச்சாகிவிடும்.